ரெண்டாவது கையெழுத்து

லண்டன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு தடவை படித்துவிட்டேன். உன் பெரிய மகள் சென்னையில் ஒரு தோழியோடு தங்கியிருக்கிறாள் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். "அவங்க வெறும் தோழிகள் இல்லடா" என்று நீ எழுதியது இதுதான் முதல் முறை. அந்த ஒரு வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொன்னதற்கு நன்றிடா.

அவளுக்கு அவசரமாக அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றபோது, கூடவே இருந்த அந்தப் பெண்ணின் கையெழுத்து செல்லாது, ரத்த சொந்தம்தான் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ மதுரையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போயிருக்கிறாய். நீ போய்ச் சேரும் வரை அந்தப் பெண் வராந்தாவில் என்ன பாடுபட்டிருப்பாள் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடுகிறது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "இதை எந்தக் கட்சிக்காரன் தொடுவான்? ஓட்டுப் போயிடுமேன்னு பயப்படுவான்." இதற்கு இங்கே நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது 28ஆம் பிரிவு என்ற சட்டம் உயிரோடு இருந்தது. 1988இல் தாட்சர் அரசு கொண்டுவந்தது. தன்பாலின உறவை எந்த உள்ளாட்சியும் 'ஊக்குவிக்க'க் கூடாது என்பது அதன் சாரம். எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். எல்லோர் மேஜையிலும் குடும்பப் படம் இருக்கும், அவர் மேஜையில் மட்டும் ஒரு பூனையின் படம். அந்த வீட்டில் பூனையைத் தவிர இன்னொருவரும் இருந்தார் என்பது எங்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தச் சட்டம் வந்தபோது உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்து அவையில் அதற்காக வாதாடியவர் மைக்கேல் ஹோவர்ட். 2004இல் தொழிற்கட்சி அரசு, தன்பாலின ஜோடிகள் தங்கள் உறவைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வழி செய்யும் சிவில் பார்ட்னர்ஷிப் மசோதாவைக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் யார் தெரியுமா? அதே ஹோவர்ட்தான். தான் ஆதரிப்பதாகச் சொன்னார், தன் கட்சியான கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றும் விட்டுவிட்டார். அக்டோபரில் மக்களவையில், மசோதாவைக் கொள்கை அளவில் ஏற்பதா என்று முடிவு செய்யும் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் ஆதரவு 426, எதிர்ப்பு 49.

அதற்கு முன்னால் மேலவையான பிரபுக்கள் சபையில் ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்கள். சேர்ந்து வாழும் அக்கா தங்கைக்கும், பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்கும் இந்த உரிமையைக் கொடு என்று ஒரு திருத்தம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் சேர்த்தால் மொத்தச் சட்டமும் குழம்பிப்போகும். மக்களவை அதை நீக்கிவிட்டது.

"இது திருமணம் இல்லை" என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னதில்தான் எனக்கு அப்போது கோபம். எல்லாம் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது அவமானம் இல்லையா என்று வீட்டில் சத்தம் போட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். பென்ஷன், வாரிசுரிமை வரிவிலக்கு, வாடகை வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை எல்லாம் அந்தச் சட்டத்தோடு வந்துவிட்டன. 'திருமணம்' என்ற சொல் இல்லாததால்தான், பழைய பேச்சை வெளிப்படையாக விழுங்காமலேயே பல எம்.பி.க்களால் ஆதரித்து ஓட்டுப் போட முடிந்தது. அந்தச் சின்ன சந்து வழியாகத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

சட்டம் 2005 டிசம்பர் 5இல் அமலுக்கு வந்தது. பதிவுக்கு முன் 15 நாள் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆனால் அன்றைக்கே வொர்திங் ஊரில், சாகும் தருவாயில் இருந்த ஒருவருக்காக விதியைத் தளர்த்தி, நோயாளிகள் இல்லத்திலேயே பதிவு நடந்தது. மறுநாள் அவர் இறந்துபோனார். ஒரே ஒரு நாள்தான் மாப்ளே. ஆனால் அந்த ஒரு நாளால் இன்னொருவர் யாருமற்றவராக நிற்காமல், துணையை இழந்தவராக நின்றார்.

எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த மாதம் வந்த ஒரு ஜோடியை என்னால் மறக்க முடியாது. இருவருக்கும் எழுபதுக்கு மேல். நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். இந்தப் பதிவுக்கு வாய் திறந்து உறுதிமொழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஆள் கையெழுத்தை முடித்த நொடியில் சட்டப்படி பந்தம் ஏற்பட்டுவிடும். முதலாமவர் சட்டென்று போட்டுவிட்டார். மற்றவருக்குக் கை நடுக்கம், பேனா காகிதத்தில் நிற்கவே இல்லை. முதலாமவர் அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே போட்டு முடித்தார். நான் மை ஒற்றும் தாளோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டிருந்தார்.

இப்படி ஊர் ஊராக நடக்க ஆரம்பித்ததும்தான் அரசியல்வாதிகள் மனசு மாறியது என்று நினைக்கிறேன். வாதம் கேட்டு மாறியவர்கள் குறைவு, அழைப்பிதழ் வாங்கி மாறியவர்கள் அதிகம். 2008இல் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆலன் டங்கன் தன் துணையோடு பதிவு செய்துகொண்டார். 2010இல் தொழிற்கட்சி எம்.பி. கிறிஸ் பிரையன்ட்டின் பதிவு நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது. இடையில் 2009இல், 28ஆம் பிரிவுக்காகத் தன் கட்சி சார்பில் கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரன் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அவர் பிரதமராக இருந்து தன்பாலினத் திருமணச் சட்டத்தையே கொண்டுவந்தார். இரண்டாம் வாசிப்பில் 400க்கு 175 என்று ஜெயித்தது. எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடாதே. அவருடைய கட்சியில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள்தான் அதிகம். ஓட்டுப் போகும் என்று தெரிந்தேதான் அவர் இறங்கினார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் இருவர்தான் இணைந்து வாழும் உறவுக்காவது அங்கீகாரம் வேண்டும் என்றார்கள். மற்ற மூவரும், அதைச் சட்டமன்றங்கள்தான் பார்க்க வேண்டும் என்றுவிட்டார்கள். ஆக, பந்து நீ நம்பாத அந்த அரசியல்வாதிகளிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வழி செய்யுங்கள் என்று தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். பெயர் திருமணம் இல்லைதான். ஆனால் அந்தச் சந்து எங்கே போய் முடியும் என்று நான் இங்கே பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. உன் அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, தாலி இல்லை, மாலை மட்டும். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று நீதிமன்றமே சொல்லியிருந்தது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி, முன்னால் நடந்தவையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கினார். அப்போது உனக்கு ஆறு வயசு. அதுவரை சட்டத்தின் கண்ணில் உன் அம்மா யார்? ஊர் என்ன பேசியது என்று அவர்களே நமக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதை உன் மகளிடம் சொல்லியிருக்கிறாயா?

நான் தை பிறந்ததும் வருகிறேன். மதுரைக்கு நேராக வரவில்லை, சென்னையில் இறங்கிவிடுகிறேன், நீயும் அங்கே வந்துவிடு. ரெண்டு பேருமாக அவர்கள் வீட்டுக்குப் போவோம். உங்கள் கூடத்தில் மாட்டியிருக்குமே, அந்த மாலை மாற்றும் போட்டோ, அதையும் கழற்றி எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்