சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து பிசகினால்

ஆசிரியருக்கு,

ஓசூரில் திருடுபோகும் பைக் கர்நாடகக் காவல் நிலைய வாசலில் கேட்பாரற்றுத் துருப்பிடிப்பதற்குக் கணினி இல்லாதது காரணமல்ல. காவல் நிலையங்களை நாடு முழுக்க இணைக்கும் சிசிடிஎன்எஸ் கணினி வலை இருக்கிறது. திருட்டு வண்டிகளைத் தேட 'வாகன் சமன்வய்' இருக்கிறது. கோளாறு விவரங்களைப் பதிவு செய்வதில்தான். திருடன் முதலில் கழற்றுவது நம்பர் பிளேட்டை. ஆகவே பதிவெண்ணை மட்டும் வைத்துத் தேடிப் பயனில்லை. வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண், எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. பூஜ்யத்தை 'ஓ' என்று தட்டினால் திருட்டுப் பதிவும் மீட்புப் பதிவும் பொருந்தாது. இந்த மூன்றையும் மென்பொருளே ஏற்க மறுக்கலாமே! சேசிஸ் எண்ணை ராவியிருந்தால் எஞ்சின் எண்தான் துணை. புகாரிலேயே ஆர்.சி.யைப் பார்த்து இரண்டையும் எழுத வேண்டும்.

– ஒரு வாசகர், ஓசூர்