அலமாரி மேல அடுக்கின சில்லறை

அன்புள்ள கண்ணுக்கு,

போன்ல ஆரம்பிச்சா "அப்புறம் கூப்பிடறேன்மா"ன்னு வெச்சுடறே. அதான் எழுதறேன். அப்பா நடக்கப் போயிருக்கார், அவருக்குத் தெரியாது. அவர் முழங்கால் பரவாயில்லை. மாடி ஒழுகல் சரி பண்ணியாச்சு. வேற விசேஷம் ஒண்ணும் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை பேச்சோட பேச்சா ஒண்ணு கேட்டியே. "கடன் தவணை என் சம்பளத்துலதான் போகுது, பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, அது எப்படிம்மா கணக்கு?" நான் "ஏன் கேட்கறே"ன்னு கேட்கலை. நீயும் உடனே குட்டியோட பரீட்சைப் பேச்சுக்குத் தாவிட்டே. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. முன்னெல்லாம் வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே பேசுவே, பின்னாடி மாப்பிள்ளை குட்டியை அதட்டற குரல் கேட்கும். இப்ப நாலஞ்சு மாசமா காருக்குள்ள இருந்துதான் பேசறே. வண்டி ஓடற சத்தமும் இல்லை. வீட்டு வாசல்லயே நிறுத்திட்டு உள்ள போகாம உட்கார்ந்திருக்கியோன்னு தோணுது. தப்பா இருந்தா திட்டு.

சும்மா பொழுது போகாம சில விஷயம் படிச்சேன். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்துல 24, 25-ம் பிரிவு ரெண்டுலயும் ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும்னு இல்லை, கணவனும் கேட்கலாமாம். இது எதுக்கு எனக்குன்னு நீ கேட்பே. எதுக்கும் இல்லை. 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புருஷன் வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சரிபாதின்னு. அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி, "பார்த்தியாம்மா, வீட்டு வேலையும் சம்பாத்தியம்தான்"னு குதிச்சியே. அந்த நியாயம் உன் வீட்டுல இருக்கிற ஆம்பளைக்கு மட்டும் ஆகாதா? குட்டிக்கு மூச்சுத் திணறல் வந்த அந்த வருஷம், ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையை விடணும்னு ஆனப்போ, சம்பளம் யாருக்குக் கம்மின்னு கணக்குப் போட்டுத்தானே அவர் விட்டார்? அந்தக் கணக்கைப் போட்டதே நீதான்.

உன்மேல எனக்குப் பெருமை இல்லைன்னு நினைக்காதே. ஒரு குடும்பத்தையே தோள்ல தூக்கிட்டு நடக்கறே. அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். வேலை போயிட்டா என்ன ஆகும்ங்கிற பயம் உன் ஒருத்தி தலைலதான், அந்தப் பயத்துல பாதியைக்கூட அவருக்குக் கொடுக்க முடியாது. ஆனா உனக்கு வாய் ஜாஸ்தி. போன தடவை வந்தப்போ அவர் புதுசா ஒரு சட்டை போட்டிருந்தார். "எப்ப வாங்கினீங்க?"ன்னுதான் கேட்டே. வேற ஒண்ணும் சொல்லலை. அவர் விலையைச் சொன்னார், பாரு. நீ விலை கேட்கவே இல்லை.

ஒரே ஒரு காரியம் பண்ணு. ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம்ங்கிற மாதிரி ஒரு பேங்க் கணக்கு வை. சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவு மொத்தமும் அதுல போகட்டும். அவர் கைச்செலவுக்குன்னு தனியா ஒரு தொகை, அதுக்குக் கணக்குக் கேட்காதே. ஆறு மாசச் செலவு கையிருப்பு இருக்கட்டும், உன் பயம் கொஞ்சம் அடங்கும். இன்ஷூரன்ஸ் உன் பேர்ல மட்டும் இருந்தா போதாது, அவர் படுத்துட்டா குட்டியைப் பார்க்க ஆள் வெக்கற செலவை யோசிச்சுப் பார். பேங்க் கணக்குல நாமினின்னு அவர் பேரைப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் இருக்காதே, நாமினி பணத்தை வாங்கிக்கத்தான், பங்கு வாரிசுங்களுக்கு. என்ன பண்ணினாலும் அந்தப் பொதுக் கணக்கை முதல்ல ஆரம்பி. அவர் உன்கிட்ட வந்து கேட்கற மாதிரி வெக்காதே. கேட்க வெக்காதேடி.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டா, பதில் இல்லை.

அப்பா கம்பெனி மூடின அந்த ரெண்டு வருஷம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு தெரியலை. நீ மூணாங்கிளாஸ். நான் ஆபீஸ் கிளம்பும்போது அலமாரி மேல பணம் வெச்சுட்டுப் போவேன். கையில கொடுத்ததே இல்லை. சாயந்தரம் வந்தா மிச்சம் அங்கேயே இருக்கும். பெரிய காசு அடியில, சின்னது மேல, கோபுரம் மாதிரி அடுக்கி, அதுக்குக் கீழ சீட்டுல செலவு எழுதி. நான் எழுதச் சொன்னதில்லை. ஒரு நாள் அந்தக் கோபுரத்தைக் கலைச்சு எண்ணினேன். சீட்டோட சரிபார்த்தேன். எட்டணா குறைஞ்சுது. "எட்டணா எங்கே?"ன்னு கேட்டேன். அவர் பேசலை. நீ மேஜைகிட்ட ஹோம்வொர்க் எழுதிட்டிருந்தே, பென்சிலை நிறுத்திட்டு என்னைப் பார்த்தே, அப்புறம் அவரைப் பார்த்தே. உன் பென்சில் புதுசு. அதை எழுத மறந்துட்டார், அவ்வளவுதான்.

நான் மன்னிப்புக் கேட்கலை. அன்னிக்கும் இல்லை, இத்தனை வருஷத்துலயும் இல்லை. மாப்பிள்ளை விஷயத்துல அதையேதான் பண்ணினேன். குட்டிக்கு ஜுரம் விட்டுச்சுன்னு சொல்லக் கூப்பிட்ட மனுஷன்கிட்ட, "ஏதாவது வேலை தட்டுப்பட்டுதா?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "பார்த்துட்டிருக்கேன் அத்தை"ன்னார். அதுக்கப்புறம் அவரா எனக்குப் போன் பண்ணினதில்லை. உன்கிட்ட இதை அவர் சொல்லியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

நாளைக்குப் பகல்ல, நீ ஆபீஸ்ல இருக்கும்போது, நானே அவருக்குப் போன் பண்றேன். வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீயும் என்கிட்ட எதையும் சொல்லணும்னு இல்லை. காருக்குள்ள உட்கார்ந்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். பத்திரத்தைப் பத்திக் கேட்டியே, அதை நேர்ல வந்தா பேசலாம். தனியா வா, இல்லை மூணு பேருமா வாங்க.

கேட் சத்தம் கேட்குது. அப்பா வந்துட்டார். இப்ப அவர் பென்ஷன் அவருக்கு வருது, இருந்தும் வெளிய போயிட்டு வந்தா மிச்சச் சில்லறையை அலமாரி மேல அடுக்கித்தான் வைக்கிறார். நான் அதைத் தொடறதில்லை.

அம்மா