பிரெஞ்சு வகுப்பில் வரும் கொட்டாவி: புதுவைப் பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களே,

பிரெஞ்சு வகுப்புக்கு வாங்கிய செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு பிள்ளைகள் முதல் சில நாள் போட்டி போட்டுப் பேசுகிறார்கள். பிறகு 'வுய்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். 'பசங்களுக்கு ஆர்வமில்லை' என்று கோப்பை மூடிவிடாதீர்கள்.

பாடம் மிக எளிதானாலும் சலிக்கும், எட்டாத உயரத்தில் இருந்தாலும் சலிக்கும். இதனால் என்ன பயன் என்று தெரியாதபோது இரண்டுமே கூடும். உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ரூனின் கோட்பாடு சொல்வதும் ஏறக்குறைய இதுதான். வெளியே தெரிவது ஒரே கொட்டாவிதான் என்பதால் உரையாடல் பதிவைத் திறந்து பாருங்கள். பதில் சட்டென்று ஒற்றைச் சொல்லில் வந்தால் பாடம் எளிது. நெடுநேரம் கழித்துப் பிழையே இல்லாத நீள வாக்கியம் வந்தால், பெரும்பாலும் தமிழில் யோசித்து மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டியது, பாடம் கடினம்.

செயலியை அப்படியே விட்டால் எதற்கும் 'த்ரே பியேன்' (மிக நன்று) என்று பாராட்டும். பிரெஞ்சில் வயதை 'உடையேன்' என்றுதான் சொல்ல வேண்டும்: 'ஜே தூஸ் ஆன்' (12 வயது உடையேன்). பிள்ளை 'ஜெ சுய் தூஸ் ஆன்' (நான் 12 வயது) என்று தப்பாகச் சொன்னாலும் செயலி புரிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். எதைச் சொன்னாலும் செல்லும் என்றால் யார் மெனக்கெடுவார்கள்? ஆகவே தொடக்கத்திலேயே இந்தக் கட்டளையைக் கொடுங்கள்: 'ஏ1 (தொடக்க) நிலைச் சொற்கள் மட்டும். வாக்கியத்துக்கு 10 சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு முறைக்கு ஒரு கேள்வி. பாராட்டாதே. பிழை வந்தால் விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு. 8 கேள்வியோடு நிறுத்து.'

அடுத்தது பொருள். பனிச்சறுக்கு பற்றிக் கேட்டால் நம் பிள்ளைக்கு என்ன தெரியும்? பேருந்து நிலையத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு வழி சொல்லும்படி பிள்ளையைச் செயலியிடமே கேட்கச் சொல்லுங்கள். அது தப்பாகச் சொல்ல நிறைய வாய்ப்புண்டு. திருத்துவது பிள்ளையின் வேலை. 'இடப்பக்கம்', 'நேராக', 'அங்கே இல்லை' எல்லாம் அப்போது தேவைப்பட்டு வரும்.

உச்சரிப்பை மட்டும் இயந்திரத்திடம் விடாதீர்கள். 'மேலே', 'கீழே' என்னும் பொருள் தரும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்கிடையே உயிரொலி ஒன்றுதான் வேறு (தமிழில் எழுதினால் இரண்டும் 'தெசு'தான்!). பிள்ளை மாற்றிச் சொன்னாலும் செயலி வாக்கியத்தின் சூழல் பார்த்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். 40 பேரும் மின்விசிறிச் சத்தமும் உள்ள அறையில் ஒலிவாங்கி இன்னும் தடுமாறும். ஆனால் பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் (மூக்கு வழியாகவும் வரும் உயிரொலிகள்) நமக்குப் புதிதல்ல. 'மரம்' என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோம் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னால் போதும், 'நல்ல' என்னும் பொருள் தரும் 'போன்' (bon) பாதி வந்துவிடும்.

45 நிமிடப் பாடவேளையில் செயலிக்கு 12 நிமிடம் தாராளம். அதற்கு முன் 8 நிமிடம் தாளில் தயாரிப்பு. இருவருக்கு ஒரு கருவி: ஒருவர் பேச, மற்றவர் பிழை குறிக்க. மீதி நேரத்தில், கேட்டறிந்ததை வேறொரு இணையிடம் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் காத்திருக்கிறார் என்றால்தான் பிள்ளை காது கொடுத்துக் கேட்கும். பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழான டெல்ஃப் ஏ1 வாய்மொழித் தேர்விலும் 5 முதல் 7 நிமிடம் எதிரே இருப்பவர் மனிதர்தான்.

அடுத்த கல்வியாண்டுக்குச் செயலி விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உரையாடல் பதிவு ஆசிரியருக்குத் தெரியுமா? கட்டளையை வகுப்புக்கு வகுப்பு மாற்ற முடியுமா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
புதுவையில் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்