குனிந்தும் குறையாத வலி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாமல் இருந்தது சோம்பலால் இல்லை. உன் அண்ணன் மகளுக்கு லூபஸ், அதாவது உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்கும் நோய், என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்கும் அதே நோய் என்று தெரிந்த என் 27 வயது அப்படியே கண்முன் வந்துவிட்டது, அப்புறம் பேனாவை எடுக்கவே கை வரவில்லை.

கிட்னி போய்விடுமா, கொட்டின முடி முளைக்குமா, கல்யாணம் செய்யலாமா, குழந்தை தங்குமா என்று உன் அண்ணி கேட்பதை எல்லாம் என் அம்மாவும் அன்றைக்குக் கேட்டாள். அதற்கு உன் அண்ணன் மகளைப் பார்க்கும் ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்) டாக்டரே பதில் சொல்லிவிடுவார். யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நாள் யோசித்தேன். இதயம்.

போன ஐப்பசியில் எனக்கு இதயக் குழாயின் அடைப்பை விரித்து வைக்க ஸ்டென்ட் வைத்தார்கள். உனக்குச் சொல்லவில்லை, திட்டாதே.

எனக்கு நெஞ்சு வலி புதிதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி வந்து படுத்திருந்தேனே, நீ கூட ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தாய். அந்த வலி மல்லாந்து படுத்தால் குத்தும், மூச்சை இழுத்தால் குத்தும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் இந்தத் தடவையும் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். அடங்கவில்லை. குத்தவும் இல்லை, யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரே பாரம், தாடை வரைக்கும். பழைய வலிதான் வேறு வேஷம் போட்டு வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு ராத்திரியை ஓட்டினேன், என்ன புத்தி பார்.

மறுநாள் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். 42 வயதுப் பெண், சுகர் கிடையாது, இன்னும் மாதவிடாய் நிற்கவில்லை, ஈசிஜி நார்மல். வாயுக்கோளாறு என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்டார், நான் "மூட்டு வலிக்கு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், டாக்டரிடமும் அதுவே வாயில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் மறுபடி ஈசிஜி, இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ. ஒரு குழாயில் அடைப்பு.

படுக்கையில் தூக்கம் வராமல் போனில் படித்துத் தெரிந்துகொண்டதுதான் மிச்சமெல்லாம். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமில்லை செல்வி. 1976லேயே கனடாவில் டொரன்டோ டாக்டர்கள் எழுதிவிட்டார்கள்: லூபஸ்காரர்களில் ஆரம்பத்தில் இறப்பவர்கள் நோயின் உக்கிரத்தாலும் கிருமித் தொற்றாலும் இறக்கிறார்கள், பல வருஷம் தாண்டினவர்களை மாரடைப்பு கொண்டுபோகிறது என்று. 1997இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் எண்ணிப் பார்த்தபோது 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு அதே வயது மற்றப் பெண்களைவிட 50 மடங்கு. இதை அண்ணியிடம் அப்படியே படித்துக் காட்டிவிடாதே, அரண்டுவிடுவாள். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வருவதே அபூர்வம், அந்தச் சின்ன எண்ணோடு ஒப்பிடுவதால்தான் 50 இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் எனக்கு நடந்தது அந்த வயதில்தானே.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. உடம்பின் காவல்படையே ரத்தக்குழாயின் உள்சுவரை வருஷக்கணக்கில் புண்ணாக்குகிறது. கிட்னி பாதித்தால் பிரஷர் ஏறும். ஸ்டீராய்டு சுகரையும் கொழுப்பையும் பிரஷரையும் ஏற்றும், ஆனால் அதில்லாமல் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன், அதையும் சொல்ல வேண்டும். நல்ல கொழுப்பு என்று ரிப்போர்ட்டில் வருமே எச்டிஎல், லூபஸில் அதுவே சிலருக்கு அழற்சிக்குத் துணை போகிறதாம், வேலியே பயிரை மேய்ந்த கதை. வயது, கொழுப்பு, பிரஷர் போட்டு இதய ஆபத்தைக் கணக்கிடும் அட்டவணைகளில் என்னைப் போன்றவள் பத்திரமாகத்தான் தெரிவாள், ஏனென்றால் அவை என் வயதைப் பார்க்கின்றன, என் குழாயின் வயதை இல்லை. இங்கிலாந்தில் 2017இல் வந்த கணக்கில்தான் லூபஸ் உண்டா என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறார்கள்.

சரி, உன் அண்ணன் மகள் என்ன செய்ய வேண்டும்? முதலில் லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை விடக் கூடாது. கண் போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், எனக்கு என் நாத்தனார். எடைக்கேற்ற அளவில் கொடுத்து, கண்ணை அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் பெரும்பாலும் பயமில்லை. நோய் கிளம்பாமல் அடக்குவதும், ரத்தம் உறைந்து கட்டுவதைக் குறைப்பதும் அந்தச் சின்ன மாத்திரைதான். 2020இல் கொரோனாவுக்கு அது மருந்து என்று கிளம்பிவிட்டார்களே, அப்போது மூன்று மெடிக்கல் ஏறி இறங்கி பத்து மாத்திரைக்குக் கெஞ்சினேன். அதன் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் குறைக்கக் குறைக்க நல்லது, நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்திருக்கத்தான் இப்போது பார்க்கிறார்கள். பிரஷர் 130/80க்குக் கீழே இருக்கட்டும். ரத்தத்தை உறைய வைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தாயிற்றா என்று கேள். அதில் ஒன்றுக்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று பெயர், ரத்தம் உறையாமல் தடுப்பது என்று அர்த்தம், செய்வதோ உறைய வைக்கும் வேலை, யார் பெயர் வைத்தார்களோ. அது இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகாது. முட்டி வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம், கிட்னிக்கும் இதயத்துக்கும் கெடுதல். நான் வருஷக்கணக்கில் போட்டேன்.

நடக்கச் சொல்வார்கள். வெயிலில் போகாதே என்றும் அவர்களே சொல்வார்கள். நான் விடிவதற்குள் தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறேன், அந்நேரத்திலும் நல்ல கூட்டம். ஊறுகாயை விட்டுவிட்டேன், அப்பளத்தை இன்னும் முழுசாக விடவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். எந்த ஆஸ்பத்திரிக்குள் எதற்காக நுழைந்தாலும் முதல் வார்த்தையாக "எனக்கு லூபஸ்" என்று சொல்லச் சொல். மாப்பிள்ளை வீட்டில் எப்போது சொல்வது என்பது அவள் பாடு, அண்ணி பாடு.

என் நம்பரை அவளிடம் கொடு. ராத்திரி ஒன்பதுக்குள் கூப்பிடட்டும், அதற்கப்புறம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். என்னைப் பார்க்க வரும்போது கடைசி யூரின் ரிப்போர்ட்டையும் எடுத்து வரச் சொல்.

உன்,
மங்கை