அந்த ஏற்றங்களை முதலில் இறக்குங்கள்

மண்டப நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்தில் மைக் ஊளையிட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒலியின் ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் புது டிஜிட்டல் ப்ராசசர் நல்ல சாதனம்தான். அமைத்த விதம்தான் கோளாறு. காலி மண்டபத்தில் ஒரே இடத்தில் மைக்கை நிறுத்தி 'ஆட்டோ' அழுத்தியிருக்கிறார்கள். ஒலி குறைந்து பள்ளமாகத் தெரிந்த சுருதியையெல்லாம் அது தூக்கிவிட்டது; நாங்கள் சொல்லும் ஏற்றங்கள் இவைதான். 160 ஹெர்ட்ஸில் மட்டும் 9 டெசிபல்! நேரே வரும் ஒலியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் வரும் பள்ளம் அது. எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது. ஆம்ப்ளிஃபயர்தான் எட்டு மடங்கு வாட் கொடுத்துத் திணறும். நாலடி தள்ளி உட்கார்ந்தவருக்கு வெறும் குமுறல்.

1939-லேயே கம்பன் விழா கண்ட காரைக்குடி வட்டாரம் இது. இங்கே பின் வரிசை ஆச்சிமார், முன்னால் கைதட்டுகிறார்களே என்று தாங்களும் தட்டுகிறார்கள். என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அந்த ஏற்றங்களை இறக்குங்கள்.

எதிரொலியை எந்த ஃபில்டரும் குறைக்காது. ஆத்தங்குடிக் கல், வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புச் சுவர், எதுவும் ஒலியைக் குடிக்காது. 20×10×6 மீட்டர் மண்டபத்தில் ஒலி அடங்க 3 நொடி. அதைப் பாதியாக்க ஒலியை உறிஞ்சும் பரப்பு இன்னும் 64 சதுர மீட்டர் வேண்டும். நூறு பேர் உட்கார்ந்தாலே 40, 45 கிடைத்துவிடும். காலி மண்டபக் கணக்கு பொய்ப்பது அதனால்தான். மீதிக்குப் பக்கச் சுவர்களில் கனத்த திரைச்சீலை, நிறைய மடிப்பு வைத்து, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி. சுவர் அழகு மறையுமாம்! சரவிளக்குக்குப் பணம் தாராளமாக வந்ததே, அது மேடைப் பேச்சைக் கேட்கவைக்குமா?

பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, காது உயரத்தில் ஆறேழு இருக்கைகளில் அளந்து சராசரி எடுக்கட்டும். ஒலி மிகுந்து மேடாகத் தெரியும் சுருதிகளை மட்டும் 3 முதல் 6 டெசிபல் வெட்டினால் போதும்; வேண்டிய சுருதியை மட்டும் தேர்ந்து திருத்தும் பாராமெட்ரிக் ஃபில்டர் நாலைந்துக்கு மேல் தேவைப்படாது. பேச்சு மைக்குக்கு 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் ஃபில்டர். தவிலுக்கு அது ஆகாது, தனி ப்ரீசெட் (சேமித்துவைக்கும் அமைப்பு) வையுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்குள் அந்த ஏற்றங்களை இறக்கி, கூட்டம் இருக்கும்போது ஒருமுறை சரிபார்த்து, ப்ரீசெட்டைப் பூட்டிக் கடவுச்சொல்லை ஒருவர் பொறுப்பில் விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இவ்வட்டார ஒலி அமைப்பாளர்கள் சிலர்