பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சிங்கப்பூருக்கு வந்து குடியேறிய வீட்டில் வன்முறை என்று தெரிந்ததும், உதவப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை அம்மாவுக்காக மொழிபெயர்க்கச் சொல்வது. அப்பாவைக் காப்பாற்றப் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். இல்லையென்றால் அம்மா பட்ட அடியைத் தன் வாயாலேயே சொல்ல நேரும். வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் அந்தக் குடும்பத்தின் கோயில், ஊர்ச்சங்க வட்டத்தைச் சேராதவராக இருக்கட்டும்.

பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். "அப்பா அடிக்கிறாரா?" என்று தொடங்கினால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். "வீட்டில் சத்தம் வந்தால் நீ எங்கே போவாய், தம்பி எங்கே இருப்பான்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவது நம் பழக்கம்தான். ஆனால் பிள்ளை சொன்னது அந்தக் கூட்டத்தில் வெளிவந்தால் அன்றிரவே அதற்கு அடி விழலாம்.

கணவரின் வேலை பாஸைச் சார்ந்து டிப்பெண்டன்ட் பாஸில் (குடும்பத்தினர் தங்குவதற்கான அனுமதியில்) இருக்கும் அம்மாக்கள், புகார் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வாய் திறப்பதில்லை. ஆனால் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு, அதாவது வன்முறை செய்யக்கூடாது என்று நீதிமன்றம் இடும் உத்தரவுக்கு, விண்ணப்பிக்கக் குடியுரிமை தேவையில்லை. பாஸ் விவகாரத்தைச் சமூக ஊழியரிடம் தனியாகக் கேட்கலாம். 24 மணி நேர உதவி எண் 1800-777-0000. உடனடி ஆபத்தென்றால் காவல்துறைக்கு 999.

குடும்ப சேவைத் தொண்டூழியர்கள் சிலர்,
சிங்கப்பூர்