வினிகர் பாட்டிலைக் கீழே வையுங்கள், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காற்றுமணியின் கண்ணாடித் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மங்கலாகத் தெரிவது வெறும் தூசிதான். என் கண் போனது துண்டுகளைச் சுற்றி ஓடும் சாம்பல் நிற விளிம்புகளின் மேல். அங்கங்கே மாவு தூவியதுபோல் வெளுத்திருக்கிறதே, அதை வினிகரில் ஊறவைத்துப் போக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்த விளிம்பில் இருப்பது செப்புப் பட்டையும், அதன்மேல் உருக்கி ஒட்டவைத்த உலோகக் கலவையான ஈயப் பற்றும். வண்ணக் கண்ணாடி வேலையில் வழக்கமாகப் பயன்படும் பற்றில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெளுத்துப் பொடிவது காரீயத்தின் உப்பு. பழைய காலத்தில் ஓவியர்களுக்கான வெள்ளைச் சாயத்தையே ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் வைத்துத்தான் தயாரித்தார்கள். எதைப் போக்க நினைக்கிறீர்களோ, அதையே வினிகர் இன்னும் விளைவிக்கும். எலுமிச்சைச் சாறும் அமிலம்தான், அதுவும் ஆகாது. ஜன்னல் துடைக்கும் திரவத்தில் அம்மோனியா இருந்தால் அது செம்பை அரிக்கும். விளிம்புக்குக் கொடுத்த கறுப்புப் பூச்சையும் கெடுக்கும். கண்ணாடி என்று பெயர் போட்ட பாட்டிலெல்லாம் இதற்கு உகந்ததல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெயில் பட்டுச் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். ஆறியபின் கழற்றி, தடித்த துண்டின்மேல் சரம் சிக்காமல் பரப்பிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான பாத்திர சோப்பு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். நீரில் முக்கவே கூடாது. பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் புகுந்த ஈரம் எளிதில் வெளியே வராது. சில மாதங்களில் அங்கே பச்சை பூக்கும். பற்று வளையும் மூலைகளுக்குப் பஞ்சு சுற்றிய குச்சி போதும். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

வெள்ளைப் பொடியை மட்டும் ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும். உலர்ந்த தூரிகை, உப்புத்தாள் எதுவும் கூடாது. ஈயத்தூள் பறந்து மூச்சில் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியைத் தூக்கி எறியுங்கள், வேலையைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள், முடிந்ததும் கை கழுவுங்கள். குட்டிப் பெண்ணுக்கு மணி எட்டாத உயரத்தில் இருப்பது நல்லது. எதையும் வாயில் வைக்கும் வயது அவளுக்கு. பிறகு விளிம்பின்மேல் மெல்லியதாக மெழுகு தடவி மெருகேற்றினால் காற்றின் ஈரம் அவ்வளவு விரைவில் பிடிக்காது. ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு கிடைத்தால் உத்தமம்.

நீலம் வெளிறிவிடுமோ என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கண்ணாடி உருகும்போதே கோபால்ட் கலந்து வந்த நீலத்தை வெயில் ஒன்றும் செய்யாது. சூளையில் சுடாமல் மேலே தீட்டிய வண்ணம் என்றால்தான் கதை வேறு. பின்பக்க ஓரத்தில் சாய்த்துப் பாருங்கள்: வண்ணம் தோலாக எழும்பியிருந்தால் அந்தத் துண்டின் வண்ணப் பரப்புக்கு நீரே வேண்டாம், வெள்ளைப் பொடி உள்ள விளிம்பைத் தொடாமல் மென்மையான உலர்ந்த தூரிகை மட்டும்.

இவ்வளவையும் சொன்னேனே தவிர, காற்றுமணிகள் அழுக்கால் சாவதில்லை, அண்ணி. அறுந்து விழுந்துதான் சாகின்றன. நைலான் நரம்பை வெயில் உள்ளுக்குள் மொறுமொறுப்பாக்கிவிடும். முடிச்சின் பக்கத்தில் நரம்பு வெளுத்து, நகத்தால் வளைத்தால் கீறல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் யோசிக்காமல் எல்லா நரம்பையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் போயிருக்காது. துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி இன்னும் நாள் வரும், ஆனால் ஒலி சற்று மாறும். அது உங்கள் காதுக்கு விட்டது.

துண்டுகளின் தலையில் பற்றவைத்த சிறு வளையங்களை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி வளையத்தின் மேல்பகுதி உள்பக்கமாகத் தேய்ந்து ஒரு பள்ளம் விழும். உங்கள் படத்தில் இடது ஓரத்துச் சிவப்புத் துண்டில் அப்படித்தான் எனக்குத் தெரிகிறது, நிழலாகவும் இருக்கலாம். கிட்டத்தில் வைத்து இன்னொரு படம் அனுப்புங்கள். தேய்மானம்தான் என்றால் மீண்டும் பற்றவைக்கும்வரை கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். ஓக் மர அலமாரிக்குள் மட்டும் வேண்டாம். அந்த மரம் விடும் ஆவியிலும் வினிகரில் உள்ள அதே அமிலம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்